மறுத்தார் என்று எழுதிய மதியம்

தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, தெரியாது. ஒருத்தி இருந்தாள். வேலை முடிந்து இரண்டாம் மாடிக்கு ஏறி வருவாள். பூட்டைத் திறப்பாள். பிறகு விரல் மூட்டால் மூன்று தட்டு. பத்து வரை எண்ணுவாள். மறுபடி மூன்று தட்டு. உள்ளே யாரும் கிடையாது. கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. பதில் வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பத்து எண்ணாமல் கால் வாசலைத் தாண்டாது.

உள்ளே போனால் சாத்திய கதவு ஒன்றுகூட இருக்காது. குளியலறைக் கதவுக்குத் தண்ணீர் வாளி முட்டுக் கொடுத்திருக்கும். படுக்கையறைக் கதவுக்கு இஸ்திரிப் பெட்டி. துணி அலமாரி ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி. என்ன கோணங்கித்தனம் செய்தாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கெடுதலும் அதுதான்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஏழு மாடி ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. இருபது வருடமாக அதே ட்ராலி. சக்கரம் மட்டும் நான்கு முறை மாற்றியாகிவிட்டது. அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பதினாறு’ என்பார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பதினாறு அறை முடிக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மற்றவர்களுக்குப் பதினான்கிலேயே நாக்குத் தள்ளிவிடும். இவள் மட்டும் மூன்றரை மணிக்கெல்லாம் பதினாறாவது படுக்கையின் விரிப்பைச் செருகிவிட்டு, ட்ராலியை ஓரம் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

“பதினாறு அக்கா, உங்களுக்கு என்ன மூணு கையா?” என்று புதிதாக வந்த பெண்கள் கேட்பார்கள்.

“ரெண்டுதான். வாய்தான் ஒண்ணு கம்மி,” என்பாள்.

அந்தப் பேச்சும் சிரிப்பும் போன வருடத்தோடு சரி.

நடந்ததை அவள் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். போலீஸ், மேனேஜர், வெளியூரில் இருக்கும் தங்கை, எல்லோருக்கும் ஒரே கதை. காலை எட்டு மணி. ஆறாம் மாடி, கடைசி அறை. கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டை. விருந்தாளி அன்று காலை ஏழரைக்கே காலி செய்ய வேண்டியவர் என்பதால் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். எல்லா அறையையும் திறக்கும் மாஸ்டர் கார்டைப் போட்டுத் திறந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். தனியாக வந்திருந்த விற்பனையாளர், ஐம்பதைத் தாண்டியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது. அவள் குனிந்ததும் இடது கையால் அவளுடைய யூனிஃபார்ம் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம். அதுவரை விடவில்லை. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குப் போவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

சாவுக்குக் காரணம் மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். நிர்வாகம் அவளுக்கு இரண்டு நாள் விடுமுறையும் ஒரு புது யூனிஃபார்மும் கொடுத்தது.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விட்டுப்போனது ஒன்று உண்டு. முந்தின நாள் மதியம் இரண்டு மணி.

அட்டை தொங்கும் அறையை இரண்டு மணி வரை தொடக்கூடாது. இரண்டுக்கு மேல் அறைக்குப் போன் செய்து ‘சுத்தம் செய்யலாமா’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், அன்றைய வேலைத் தாளில் அந்த அறைக்கு எதிரே ‘மறுத்தார்’ என்று எழுத வேண்டும். போனை எடுக்காவிட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, இரண்டு பேராகக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். விதி இப்படி. நடைமுறை வேறு. போன் செய்து, காத்திருந்து, சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். எனவே யாரும் போன் செய்வதில்லை. அட்டை தொங்கினால் ‘மறுத்தார்’ என்று எழுதிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார்கள். எழுதினால் அந்த அறையும் முடிந்த கணக்கில் சேர்ந்துவிடும்.

அவளும் எழுதினாள். பேசாத மனிதர் மறுத்துவிட்டதாக எழுதினாள். அன்றும் பதினாறு வந்தது.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாத சொல் அவளோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. மாடி வேலை வேண்டாம், அடித்தளத்தில் சலவைப் பிரிவு போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே கதவு கிடையாது, இயந்திரங்களும் நீராவியும்தான். ஆனால் பெரிய சலவை இயந்திரத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. ஒரு நாள் அதன் உள்ளே சுற்றிய வெள்ளைத் துணியிலிருந்து ஒரு சட்டைக் கை வந்து கண்ணாடியில் ஒட்டியது. அவ்வளவுதான், தடாலென்று விழுந்தாள்.

“சாப்பிடாம வேலைக்கு வந்தா இப்படித்தான்,” என்று சலவைக்காரர் தண்ணீர் தெளித்தார். “தண்ணி குடி. எந்திரிக்காத. இந்த மெஷினே பதினஞ்சு வருஷத்துல ஒரு நாளும் இப்படி விழுந்ததில்ல.”

“சாப்பிட்டேன் அண்ணே.”

“அப்ப டாக்டரப் பாரு.”

பார்த்தாள். ரத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் சரியாக இருந்தன. அரசு மருத்துவமனை டாக்டர் சீட்டைப் புரட்டியபடியே, “தூக்கம் எப்படி?” என்று கேட்டார். “வந்தாத்தானே சார்,” என்று அவள் சொன்னதும், மனநலப் பிரிவு இருக்கும் மூன்றாவது கட்டடத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

“எனக்கென்ன பைத்தியமா சார்?”

“கை முறிஞ்சா எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பறேன். அங்க போறவங்க யாராவது, நான் என்ன கட்டையான்னு கேட்டதில்ல,” என்றார் டாக்டர்.

மூன்றாவது கட்டடத்தில் நீளமான பெஞ்சு, டோக்கன், சுவரில் நின்றுபோன கடிகாரம். ஆலோசகர் சின்னப் பெண்; முப்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். இவள் உள்ளே போனதும், “டாக்டரம்மா” என்று கூப்பிட்டாள்.

“நான் டாக்டர் இல்லம்மா. மாத்திரை எழுதித் தர மாட்டேன். நாம பேசப் போறோம், அவ்வளவுதான்.”

“பேசினா சரியாயிடுமா?”

“பேசினா மட்டும் போதாது. வீட்டுப்பாடமும் உண்டு. பன்னெண்டு வாரம் வரணும். நடுவுல கொஞ்ச நாளைக்கு இப்ப இருக்கறத விட மோசமா இருக்கும். அத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்பவர்களை அவளுக்குப் பிடிக்கும். ஒப்புக்கொண்டாள்.

ஆலோசகர் சொன்ன முறை இது. கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பது போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தினமும் ஒரு முறை வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று குறித்துவர வேண்டும். “நினைப்பு வரும்போதெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கீங்க. அது துரத்துது. நின்னு பார்த்தா அது நினைப்புதான், அந்த அறை இல்லைன்னு உடம்புக்கு மெல்லப் புரியும்,” என்றார்.

முதல் வாரம் தொண்ணூற்றைந்து. இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் தொண்ணூறு. அவள் வேலைக்காரி, கொடுத்ததைச் செய்வாள். சாயங்காலம் டீயைப் போட்டுக்கொண்டு மேசையில் போனை வைத்து ஓட விடுவாள். “காலைல எட்டு மணி. நான் ஆறாவது மாடில நிக்கறேன்...” அந்த வீட்டில் ஒன்பது வருடமாக மனிதக் குரல் என்று கேட்டதெல்லாம் டிவியும் தங்கையின் போனும்தான். இப்போது அவளுடைய குரலே இருபது நிமிடம் அவளோடு பேசியது. சில நாள் பயம் ஒரு பக்கம் இருக்க, பேச ஒரு ஆள் வந்த மாதிரிகூட இருந்தது. பாதி டீ ஆறிப்போகும்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அவள் வீட்டில் எப்போதும் சந்தை இரைச்சல். பேரப்பிள்ளைகள், மருமகள், மிக்ஸி.

“எப்படிக்கா இருக்கே?”

“நல்லா இருக்கேன்.”

“நல்லா இருக்கேன்னா ரெண்டு வரி சேர்த்துச் சொல்லு. தந்தி மாதிரி சொல்றே.”

“நல்லா இருக்கேன்டி. நீ பிள்ளைங்களப் பாரு.”

இருபது நிமிடக் குரலைப் பற்றி அவள் தங்கையிடம் மூச்சு விடவில்லை.

ஆறாம் வாரம் ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டார். பெரிய கேள்வி இல்லை. “உங்க கதை எப்பவும் காலைல எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது. முந்தின நாளும் அந்த மாடிதான பார்த்தீங்க?”

“ஆமா.”

“அந்தக் கதவு வழியா போயிருப்பீங்க.”

“கார்டு தொங்குச்சு. தொந்தரவு பண்ணல.” அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் ஊர் அது. ஆலோசகருக்கும் தெரியும். தடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற பிறகுதான் உறைத்தது, எடுக்காத போனுக்கு அந்தப் பக்கம் என்ன எழுதிக்கொண்டிருப்பார்களோ என்று.

ஆனால் பதிவைக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீடு ஒரேயடியாக ஊமையாகிவிடும் என்ற பயம். அப்படிக் கேட்கும்போதுதான் ஒன்று காதில் பட்டது. ‘காலைல எட்டு மணி’ என்று ஆரம்பிக்கும் முன் எச்சில் விழுங்குகிறாள். மற்ற வாரத்துப் பதிவுகளையும் போட்டுப் பார்த்தாள். ஐந்திலும் அதே இடம், அதே சத்தம். யாரோ வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது போல. ஊருக்கெல்லாம் மறைக்கலாம்; தன் காதுக்கு எப்படி மறைப்பது?

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, டோக்கன் இல்லாமல் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. சாப்பாட்டு நேரத்தில் ஆலோசகர் டப்பாவோடு வெளியே வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

“உள்ள வாங்கம்மா.”

“நீங்க சாப்பிடுங்க. நான் அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடறேன்.”

உள்ளே போய் உட்கார்ந்ததும் கண்ணை மூடவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துச் சொன்னாள். “முந்தின நாள் ரெண்டு மணிக்கு நான் போன் பண்ணல. பண்ணாமலே மறுத்தார்னு எழுதினேன். அவர் உள்ள விழுந்து கிடக்கறார். நான் வெளிய நின்னு அவர் மறுத்துட்டார்னு எழுதறேன். பேனா எழுதல, உதறி உதறி எழுதினேன். அதான். அந்த ஆளக் கொன்னது நான்.”

ஆலோசகர் ‘அப்படியெல்லாம் இல்லம்மா’ என்று ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். அப்படிச் சொல்பவர்களுக்கு அந்தத் தாளைப் பற்றி என்ன தெரியும்? அவர் ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் போட்டார்.

“நடந்ததுக்கு முழுப் பொறுப்பு இந்த வட்டம். உங்க பங்கு எவ்வளவுன்னு அடைச்சுக் காட்டுங்க.”

அவள் பேனாவை வாங்கி, வட்டம் முழுவதையும் அடைத்தாள். ஓரம்கூட விடவில்லை.

“சரி. இது இருக்கட்டும்.” இன்னொரு வட்டம் வந்தது. “இதுல உங்க பங்கக் கடைசியா போடுங்க. முதல்ல மத்தவங்க, மத்தது. அவர் எப்ப விழுந்தாரு?”

“டாக்டர் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேலன்னாரு.”

“காலை எட்டுலேர்ந்து பின்னால எண்ணுங்க.”

விரல் விட்டு எண்ணினாள். முந்தின நாள் இரவு எட்டு மணி வந்தது.

“எட்டு மணியா இருக்கலாம். ஆறா இருக்கலாம். மதியமாவும் இருக்கலாம்,” என்றார் ஆலோசகர். “நீங்க போன் பண்ணியிருந்தா, வேண்டாம்மான்னு அவரே சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா நீங்க மதியம்னு முடிவு பண்ணித் தீர்ப்பும் எழுதிட்டீங்க.”

அவள் வட்டத்தில் நோய் என்று ஒரு பெரிய துண்டு வெட்டினாள். பதினாறு அறைக் கணக்குக்கு ஒரு துண்டு. கையெழுத்துப் போடும் சூப்பர்வைசருக்கு ஒரு துண்டு போட்டு, பாவம் என்று அதைச் சிறிதாக்கினாள்.

“அந்த மாடில அன்னைக்கு வேற யாரும் இப்படி எழுதலையா?”

“கேட்டதில்ல.”

“அதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.”

தொண்ணூற்றைந்து மதிப்பெண் பயத்தோடு அவள் சூப்பர்வைசரைத் தேடிப் போனாள். சூப்பர்வைசர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். விரிப்புகள் அடுக்கும் அறையில் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் எண்ணிக்கை நின்றது.

“அக்கா, இத இவ்வளவு நாள் தனியாவா சுமந்தீங்க?”

“யார்கிட்ட சொல்றது?”

“அன்னைக்கு அந்த மாடில மூணு கார்டு, மூணும் வேற வேற ஆளுங்க பார்த்த அறை. மூணுலயும் ‘மறுத்தார்’. நான்தான் கையெழுத்துப் போட்டேன். போன் பண்ணீங்களான்னு கேட்டேனா? கேட்கல. கேட்டா கணக்கு வராதுன்னு எனக்கும் தெரியும்.” உறைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். “நீங்க கீழ போயிட்டீங்க. நான் எங்க போறது? லிஃப்ட விட்டு எறங்கினா அந்தக் கதவு நேரா தெரியுதுன்னு ஒரு வருஷமா பின்பக்கப் படில ஏறிப் போறேன். ஆறு மாடி. இடுப்பு விட்டுப் போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு அடக்கத் தெரியவில்லை. சூப்பர்வைசரும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு இருவரும் தலையணை உறைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

அடுத்த வாரம் ஆலோசகர் முன்னால் வட்டத்தை முடித்தாள். அவள் பங்கு மிஞ்சியது, கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்கு.

“இத அழிக்கச் சொல்லாதீங்க,” என்றாள். “இது என்னோடதுதான்.”

“சொல்லல. உங்க அஞ்சு நிமிஷத்த நீங்க வச்சுக்கோங்க. மீதியச் சுமக்க வேண்டாம்.”

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிட்டது என்று எழுதினால் அது கதை. அவளுக்கு அப்படி நடக்கவில்லை. ஒன்பதாம் வாரம் எழுபது. அடுத்த வாரம் காரணமே இல்லாமல் எண்பத்தைந்து. எளிதானதிலிருந்து கடினமானது வரை ஒரு பட்டியல் போட்டார்கள். வீட்டில் அலமாரியை மூடுவது. குளியலறை வாளியை எடுப்பது. தட்டாமல் வீட்டுக்குள் போவது. அதற்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது, ஐந்தாம் நாள் மறந்துபோய்த் தட்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். பட்டியலின் கடைசி வரியில், இரண்டு மணிக்கு அட்டை தொங்கும் கதவு.

பன்னிரண்டாம் வாரம் முடிந்து அவள் மாடி வேலைக்குத் திரும்பினாள். ஐந்தாம் மாடி கொடுத்தார்கள். ஒன்பது நாள் அட்டையே தொங்கவில்லை, அல்லது இரண்டுக்குள் எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் ஒன்று தொங்கியது. மணி இரண்டு ஐந்து.

நடைபாதைப் போனிலிருந்து அறை எண்ணை அழுத்தினாள். கதவுக்கு உள்ளே மணி அடிப்பது அவளுக்கே கேட்டது. எட்டு முறை. எடுக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவள் மூச்சிரைக்க வந்தாள். படியேறித்தான் வந்திருக்க வேண்டும்.

“நான் திறக்கட்டுமா அக்கா?”

“வேண்டாம். நீ பக்கத்துல நில்லு.”

மூன்று தட்டு. பத்து எண்ணிக்கை. மறுபடி மூன்று. பதில் இல்லை. கார்டைத் தலைகீழாக வைத்ததில் முதல் முறை சிவப்பு விளக்கு எரிந்தது. பயம் எவ்வளவு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தொண்ணூறு. தொண்ணூறோடேயே இரண்டாம் முறை கார்டை வைத்தாள். பச்சை. கதவை ஒரு சாண் தள்ளினாள்.

உள்ளே ஈரத் தலையில் துண்டும், காதில் பெரிய ஹெட்ஃபோனுமாக ஒரு பெண் திரும்பினாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

“என்ன இது? கார்டு தொங்குதே, கண்ணு தெரியாதா உங்களுக்கு? மனுஷங்க நிம்மதியா இருக்கவே கூடாதா? மேனேஜர் நம்பர் குடுங்க முதல்ல.”

சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். இவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தபடி நின்றாள். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. குரல் நடைபாதைக் கோடிவரை கேட்டது. இவ்வளவு நல்ல வசவை அவள் பல வருடமாகக் கேட்டதில்லை.

“துண்டு ஏதாவது மாத்தணுமாம்மா?” என்று கேட்டாள்.

கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது.

“இன்னைக்கு நமக்குப் பட்டாசுதான்,” என்றாள் சூப்பர்வைசர். “மேனேஜர் கூப்பிட்டா நான் பேசிக்கறேன்.”

“நானும் வரேன். ஏன் திறந்தோம்னு நானே சொல்றேன். முழுசா சொல்றேன்.”

அன்று பதின்மூன்று அறைதான் முடிந்தது. நான்கரை மணிக்கு அவள் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். சுற்றிலும் கூட்டம், எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் போலிருந்தது. ஆலோசகருக்கு இனி வேறு டோக்கன்கள். வீட்டில் சுவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவளே தங்கையைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?” தங்கையின் குரலில் பதற்றம்.

“ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒருத்தி என்னை நல்லாத் திட்டினா.”

“யாரு? எதுக்கு?”

“அது பெரிய கதை. நீ உக்காந்துக்கோ.”

“இருக்கா, அடுப்ப அணைச்சுட்டு வரேன். வச்சிராத.”

போனில் மிக்ஸியும் குழந்தை அழுகையும் கேட்டன. பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. நடத்துநர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார். இவள் கையால் போகச் சொன்னாள். நிறுத்தம் காலியானது.

“சொல்லு,” என்றாள் தங்கை.

“அந்த ஆறாம் மாடிக்காரர் இருக்காரே,” என்று அவள் ஆரம்பித்தாள். “அதுக்கு முந்தின நாள் மதியம் ரெண்டு மணி.”